தட்டில் கிருமி செத்தால் அதைக் குடிக்கலாமா? (தைலம், மலைப்பூண்டு, ஊசிக்களா)

குன்னூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே நாலு நாளாக மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, வேறு வேலையும் ஓடவில்லை.

அண்ணன் மகள் கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன லீவு முடிந்து போகும்போது எங்கள் ஊர் யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில், கொடைக்கானல் உறவுக்காரர் கொடுத்த மலைப்பூண்டு கால் கிலோ, எஸ்டேட் கிரீன் டீ ஒரு பாக்கெட் எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். லேபில் அகார் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில் கிருமியைப் பூசி, சின்ன வட்டக் காகிதத்தில் இவற்றை விட்டு வைத்து, ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் வைத்தார்களாம். மறுநாள் பார்த்தால் காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வளையம். ஸ்டெபைலோகாக்கஸ் என்ற கிருமிக்கு எங்கள் தைலம் 19 மில்லிமீட்டர், சிப்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் 26. ஈ.கோலை என்ற இன்னொரு கிருமிக்குத் தைலம் 8, சிப்ரோ 32.

படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் வினை. எங்கள் சித்தப்பாவுக்கு 71 வயது. "19க்கும் 26க்கும் ஏழு மில்லிமீட்டர்தானே வித்தியாசம், நான் எதற்கு ஆன்டிபயாடிக் வாங்க வேண்டும்" என்று சொல்லி, தினமும் காலையில் வெந்நீரில் ரெண்டு சொட்டுத் தைலம் விட்டுக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

என் கேள்வி எளிதுதான். கிருமியும் செல், நாமும் செல். கிருமியைக் கொல்வது நம் செல்லை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? இல்லை, விட்டுவைப்பதில்லையா?

---

லேப்கோட்

அண்ணே, கடைசி வரியில் நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் கோத்தகிரிக்காரன், பத்து வருடமாக இந்தத் தட்டுகளோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

முதலில் அந்த ஏழு மில்லிமீட்டர். கடையில் வாங்கும் சிப்ரோ டிஸ்கில், அதாவது மருந்து ஏற்றிய வட்டக் காகிதத்தில், இருப்பது 5 மைக்ரோகிராம் மருந்து. உங்கள் பெண் தைலத்தை எவ்வளவு விட்டாள் என்று தெரியாது, வழக்கமாக 20 மைக்ரோலிட்டர் விடுவார்கள். அது ஏறக்குறைய 18 மில்லிகிராம், அதாவது 18,000 மைக்ரோகிராம். சிப்ரோவைப் போல் 3,600 மடங்கு சரக்கை இறக்கியும் வளையம் சின்னதாகத்தான் வந்திருக்கிறது. அதற்குமேல் இன்னொரு கூத்து: அகார் என்பது பெரும்பாலும் தண்ணீர், எண்ணெய் அதில் ஒழுங்காகப் பரவாது, பாதி ஆவியாகித் தட்டின் மூடிக்கடியில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு வெவ்வேறு பொருளின் வளையத்தை ஸ்கேல் வைத்து அளந்து ஒப்பிடுவதே தப்பு. எத்தனை சொன்னாலும் மாணவர்கள் ஆய்வேட்டில் இதைத்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

ஈ.கோலைக்கு 8 என்றீர்கள். காகிதமே 6 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம். காரணம் உண்டு. ஈ.கோலை மாதிரியான கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு உள்சவ்வுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் அதைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம். ஸ்டெபைலோகாக்கஸுக்கு அந்த வெளிச்சவ்வு கிடையாது.

தைலத்தில் முக்கால்வாசி சினியோல் என்ற பொருள். அது போய்க் கிருமியின் சவ்வுக் கொழுப்பில் கரைந்து உட்காரும். சவ்வு நெகிழ்ந்து பொட்டாசியம் ஒழுகும், செல் தன் சக்தியைச் சேர்த்து வைக்கிற மின்வேறுபாடு சரிந்துவிடும், கிருமி சாகும். சரி, நம் செல்லுக்குச் சவ்வு இல்லையா? இருக்கிறது. உள்ளே சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அதே மாதிரி சவ்வும் மின்வேறுபாடும் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவே ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்து உள்ளே குடிவந்ததுதானே. ஆகவே சவ்வைக் கரைத்துக் கொல்கிற எதற்கும் ஆள் வித்தியாசம் தெரியாது. தோலில் தடவினால் தப்பிக்கிறோமே என்றால், மேல்தோலின் மேலடுக்கு செத்த செல். கண்ணில் பட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பென்சிலின் வேறு ரகம். பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது, நமக்கு அது இல்லவே இல்லை. பென்சிலின் அந்தச் சுவரைக் கட்டுகிற நொதியை மட்டும் பிடிக்கிறது. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அங்கேதான் கிடைக்கிறது.

---

தொட்டபெட்டா65

லேப்கோட் தம்பிக்கு ஒரு விஷயம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தைலம்தான். இலையை வெட்டி வந்து கொப்பரையில் போட்டுக் காய்ச்சுகிற கொட்டகையில் எங்கள் அப்பா வேலை பார்த்தார். சளி, இருமல், பூச்சிக்கடி, எல்லாவற்றுக்கும் அதுதான். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. முன்னோர்கள் முட்டாள்களா? எல்லாவற்றையும் மைக்ரோகிராமில் அளந்தால் வாழ முடியாது.

---

லேப்கோட்

ஐயா, முன்னோர்கள் முட்டாள்கள் என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் முன்னோர் கணக்கை இந்த மரத்துக்குப் போடாதீர்கள், தைல மரம் நீலகிரிக்கு வந்ததே 1843 வாக்கில், ஆஸ்திரேலியாவில் இருந்து. அப்புறம், உங்கள் வீட்டில் செய்தது என்ன? தடவினார்கள், ஆவி பிடித்தார்கள். கரண்டியில் ஊற்றிக் குடித்தார்களா?

சித்தப்பாவின் ரெண்டு சொட்டையும் கணக்குப் போட்டுவிடலாம். ரெண்டு சொட்டு சுமார் 0.1 மில்லி, 90 மில்லிகிராம் என்று வையுங்கள். ஒரு துளிகூட வீணாகாமல் அத்தனையும் ரத்தத்தில் கலந்தாலும், ஐந்து லிட்டர் ரத்தத்தில் மில்லிக்கு 18 மைக்ரோகிராம். கிருமி சாக மில்லிக்கு மில்லிகிராம் கணக்கில் வேண்டும். கல்லீரல் வேறு அதை உடனே பிடித்து மாற்றி வெளியே அனுப்ப ஆரம்பித்துவிடும். அவர் குடிக்கிற அளவு கிருமிக்குப் போதாது. கிருமிக்குப் போதுகிற அளவு குடித்தால் இழையில் பதில் போட அவர் இருக்க மாட்டார்.

---

வார்டு நம்பர் 4

நான் நர்ஸ். மேலே சொன்ன கடைசி வரியைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தைலத்தைப் பழைய இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்திருந்த வீட்டில் இருந்து மூன்று வயதுக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாட்டி இருமல் மருந்து என்று நினைத்து ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டார். அரைமணி நேரத்தில் குழந்தை தள்ளாடி, பேச்சு மூச்சில்லாமல் தூங்கிப்போய், வலிப்பும் வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை. சின்னக் குழந்தைக்கு 5 மில்லி என்பது உயிர்போகிற அளவு. வழியில் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று விரலை விட்டார்கள், அதைச் செய்யவே கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து.

ஊட்டியில் டூரிஸ்ட்டுகளுக்கு விற்கிற விண்டர்கிரீன் தைலம் இதைவிட மோசம். அது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் ஒன்றுவிட்ட தம்பி. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். இருபது மாத்திரைக்குமேல். மூட்டுவலிக்குத் தேய்க்க நல்ல சரக்கு, நானே தேய்க்கிறேன். ஆனால் வாசனை மிட்டாய் மாதிரி இருக்கும், குழந்தை எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள்.

---

பூம்பாறை பூண்டு

எங்கள் ஊர்ச் சரக்கையும் உள்ளே இழுத்ததால் வந்தேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் பூண்டை வைத்து நான் என்ன செய்துகொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

காலில் கட்டி. டாக்டரைப் பார்க்கச் சோம்பல், கீழே இறங்க வேண்டுமே. பூண்டை அரைத்துக் கனமாக வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். எரிந்தது, "வேலை செய்கிறது" என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். காலையில் அவிழ்த்தால் கட்டி அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குத் தோல் வெந்து கொப்புளம். டாக்டர் பார்த்துவிட்டு "அடுப்பில் கால் வைத்தீர்களா" என்றார். தழும்பு இன்னும் இருக்கிறது.

லேப்கோட் தம்பி, இது சூடே இல்லாமல் எப்படி வெந்தது?

---

லேப்கோட்

அது கெமிக்கல் புண். உங்கள் தோலை வேகவைத்த சரக்கின் பெயர் அல்லிசின், பூண்டுப் பல் முழுசாக இருக்கும்போது அதில் அது கிடையாது. அல்லியின் என்ற சாது ஒரு அறையில், அல்லினேஸ் என்ற நொதி இன்னொரு அறையில். நசுக்கினால் சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கும், சில நொடிகளில் அல்லிசின் உருவாகும், அந்த வாசனையும் காரமும் அப்போதுதான் பிறக்கிறது. பூச்சி கடித்தால் அதன் வாயிலேயே வெடிக்கட்டும் என்று செடி வைத்திருக்கிற கண்ணிவெடி. இந்த அல்லிசினைப் பிரித்து, கிருமியைக் கொல்கிறது என்று காட்டியது 1944இல், காவலிட்டோ, பெய்லி என்ற இருவர்.

அல்லிசின் புரதங்களில் இருக்கிற கந்தகக் கொக்கிகளைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கொக்கி மாட்டிக்கொண்டால் நொதி முடங்கும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நொதிகள் முடங்குவதால் கிருமிக்குத் தப்பிக்க வழி குறைவு. ஆனால் உங்கள் தோல் செல்லிலும் அதே கொக்கிகள்தான். நம் செல்லில் குளுட்டாதயோன் என்று ஒரு காவல்காரன் உண்டு, அவன் குறுக்கே விழுந்து அல்லிசினைத் தான் வாங்கிக்கொள்வான். ரசத்தில் நாலு பல் தட்டிப் போட்டால் அவனே சமாளிப்பான். ராத்திரி முழுக்கத் துணி கட்டி அழுத்தி வைத்தால் ஒரு கட்டத்தில் காவல்காரன் தீர்ந்துபோகிறான், செல்லும் போய்விடுகிறது.

அதே காரணத்தால்தான் பூண்டு தின்றால் நுரையீரல் கிருமி சாகும் என்பதும் நடக்காது. ரத்தத்தில் போன அல்லிசின் நிமிடக்கணக்கில் காணாமல் போய்விடும். முழுப் பல்லை வேகவைத்தாலோ நொதி செத்துவிடும், பிறகு நசுக்கினாலும் அல்லிசின் வராது. உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள், பச்சைப் பூண்டு ஒரு காகிதம், வேகவைத்து நசுக்கியது ஒரு காகிதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

முள்ளுக்காடு

எல்லாரும் தைலத்தையும் பூண்டையும் பேசுகிறீர்கள், எனக்குப் பிடித்த செடியை யாரும் தொடவில்லை. ஊசிக்களா. ஊட்டிப் பக்கம் சோலை ஓரத்தில் முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கும், நீலக்கருப்பாகப் பழம். கிளையைக் கீறினால் உள்ளே மஞ்சள் கட்டை. அந்த மஞ்சள்தான் பெர்பெரின். மரமஞ்சளிலும் இருப்பது அதுவே.

பெர்பெரின் கிருமிக்குள் போய் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் மின்னேற்றம் நேர்மறை, கிருமியின் உட்புறம் எதிர்மறை, ஆகவே தானாக உள்ளே இழுபடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தனியாகக் கொடுத்தால் சுமாராகத்தான் வேலை செய்யும். காரணம், ஸ்டெபைலோகாக்கஸிடம் நோர்-ஏ என்ற பம்ப் இருக்கிறது. மழையில் படகுக்குள் வந்த தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற மாதிரி பெர்பெரினை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும்.

இனிதான் ரசமான இடம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதே இனத்தைச் சேர்ந்த செடிகளை ஆராய்ந்தபோது, பெர்பெரினோடு இன்னொரு பொருளும் அதே செடியில் இருப்பதைக் கண்டார்கள், மெத்தாக்ஸிஹைட்னோகார்பின் என்று வாயில் நுழையாத பெயர். அது தனியாகக் கிருமியை ஒன்றுமே செய்யாது. ஆனால் போய் அந்தப் பம்பை அடைத்துவிடும். இறைக்க முடியாமல் பெர்பெரின் உள்ளேயே சேர்ந்து கிருமி சாகிறது. இலைச்சாற்றைப் பிரித்துப் பிரித்து "இதில் மருந்து இல்லை" என்று கொட்டிய பாகத்தில் எத்தனை பம்ப் அடைப்பான்கள் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. தொட்டபெட்டா ஐயா, முழுச்செடியில் ஏதோ இருக்கிறது என்கிற வாதத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல ஆதாரம் இதுதான், எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் பக்கமும் பாருங்கள். நம் குடல் செல்லிலும் பம்ப் இருக்கிறது, அதுவும் பெர்பெரினை வெளியே தள்ளும், ஆகவே வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். போனது மைட்டோகாண்ட்ரியாவில் சேர்ந்து, செல் சக்தி தயாரிக்கிற சங்கிலியின் முதல் கண்ணியைத் தடுக்கும். பிறந்த குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது, மஞ்சள் காமாலையில் ரத்தத்தில் சேர்கிற பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை அதன் இடத்திலிருந்து பெயர்த்து மூளைக்கு அனுப்பிவிடும்.

---

தொட்டபெட்டா65

ஆதாரத்துக்கு நன்றி முள்ளுக்காடு. ஊசிக்களாப் பழம் சின்ன வயதில் பை நிறையத் தின்றிருக்கிறேன். நாக்கு ஊதாவாகிவிடும், வீட்டில் மாட்டிக்கொள்வோம்.

---

ஒட்டன்சத்திரம் சந்தை

பழனி மலை அடிவாரத்தில் இருந்து எழுதுகிறேன். கிருமியை ஒன்றுமே செய்யாமல் நம்மை மட்டும் கொல்கிற செடி ஒன்றை எங்கள் பக்கம் பந்தல் போட்டு விவசாயமே செய்கிறோம். கண்வலிக்கிழங்கு. நம் மாநிலப் பூ செங்காந்தள்தான் அது. விதைக்குத்தான் விலை, வெளிநாட்டுக்குப் போகிறது, கோல்ச்சிசின் எடுக்க. பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும், அந்தக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகிறதா என்பது வேறு இழை.

கோல்ச்சிசின் எப்படிக் கொல்கிறது என்று படித்த பையன் ஒருவன் சொன்னான், லேப்கோட் சரிபார்க்கட்டும். நம் செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோமை இரண்டு பக்கமும் இழுக்கக் கயிறு மாதிரி ஒன்று வேண்டும், அது டியூபுலின் என்ற புரதத்தால் ஆனது. கோல்ச்சிசின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு கயிறு திரிக்க விடாது. பிரிகிற செல் நடுவழியில் நின்று செத்துப்போகும். கிழங்கு என்று தவறாக வேகவைத்துத் தின்றவர்களுக்கு முதல் நாள் வாந்தி பேதி, பிறகு எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டும். வேகமாகப் பிரிகிற செல்கள் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அடி. அதே சரக்கு மில்லிகிராமுக்கும் குறைவான மாத்திரையாக கவுட் மூட்டுவலிக்கு மருந்து.

---

லேப்கோட்

பையன் சொன்னது சரி. பாக்டீரியா டியூபுலின் வைத்துப் பிரிவதில்லை, அதற்கு எஃப்டிஎஸ்-இசட் என்று தூரத்து உறவு ஒன்று இருக்கிறது, கோல்ச்சிசின் அதைக் கண்டுகொள்ளாது. தாவரங்களின் டியூபுலினிலும் கோல்ச்சிசின் மிக லேசாகத்தான் ஒட்டும், அதனால்தான் செடி தன் விஷத்தால் தானே சாகவில்லை. நித்தியகல்யாணியில் இருந்து வருகிற வின்கிரிஸ்டினும் இதே டியூபுலினைத்தான் பிடிக்கிறது, ரத்தப் புற்றுநோய் மருந்து. செடிகள் நமக்குப் புற்றுநோய் மருந்து கொடுத்திருக்கின்றன, மலேரியாவுக்குக் கொடுத்திருக்கின்றன, நடுவட்டத்தில் சின்கோனாப் பட்டையில் இருந்து குயினைன் எடுத்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஊசி போட்டு உடம்பு முழுக்கப் பரவிக் கிருமியைக் கொல்கிற ஆன்டிபயாடிக்குகள் வந்தது பூஞ்சையிலிருந்தும் மண் பாக்டீரியாவிலிருந்தும் ஆய்வுக்கூடத்திலிருந்தும்தான். என் ஊகம்: செடிக்குப் பெரிய எதிரி பூச்சியும் ஆடுமாடும், அதன் ஆயுதங்களில் நல்ல ஆயுதம் பலவும் விலங்குச் செல்லைக் குறிவைத்தவை.

---

எருமைத்தொழுவம்

ஆடுமாடு என்றதும் உள்ளே வருகிறேன். இந்த மலையில் மாட்டுக்கு ரத்த மூத்திரம் வருவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பெரணிதான் காரணம். புல் காய்ந்த சமயத்தில், அல்லது காடு தீப்பிடித்து முதல் மழைக்குப் பிறகு, சுருள் சுருளாகப் பெரணிக் கொழுந்துதான் முதலில் முளைக்கும், மாடு அதைத் தின்றுவிடும். ஒரு தடவை தின்றால் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தின்றால் மூத்திரப்பையில் கட்டி.

எங்கள் கால்நடை டாக்டர் சொன்னது: அதில் டாக்விலோசைடு என்ற பொருள் இருக்கிறது, 1983இல் பிரித்தெடுத்தார்கள். மாட்டு மூத்திரம் காரத்தன்மை உள்ளது, அங்கே போனதும் அது வடிவம் மாறி டி.என்.ஏ.வையே கடிக்கிற ஒன்றாகிவிடுகிறது, அதனால்தான் மூத்திரப்பையைக் குறிவைக்கிறது. மாட்டுக்கு வருகிற ஒரு பாப்பிலோமா வைரஸும் கூட்டுச் சேர்ந்துகொள்கிறது. பாலிலும் இறங்கும். தண்ணீரில் கரைவது. எனக்கு இரண்டு பசு போனது இதில்தான். உடனே கொல்கிற விஷமாவது தேவலாம், மாடு ஒதுக்கக் கற்றுக்கொள்ளும்.

---

டீ மாஸ்டர்

ஒரு சந்தேகம். கிரீன் டீ புற்றுநோய் செல்லைக் கொல்கிறது என்று ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள் என்று பாக்கெட் மேலேயே போடுகிறார்கள். நான் விற்கிறவன், எனக்கு நல்லதுதான். நிஜமா?

---

லேப்கோட்

கொல்கிறது, குடுவையில். அங்கே ஒரு தமாஷ் இருக்கிறது. டீயில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருள், செல் வளர்க்கிற திரவத்தில் ஊற்றியதும் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானாகவே சிதைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். புண்ணுக்கு ஊற்றினால் நுரைக்குமே, அதே சரக்கு. பல பழைய ஆய்வுகளில் செல்லைக் கொன்றதில் பெராக்சைடின் பங்கு எவ்வளவு, டீயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவே இல்லை. கூடவே கேட்டலேஸ் நொதியைச் சேர்த்துப் பெராக்சைடை உடைத்துவிட்டால் பாதி அற்புதம் மறைந்துவிடும். நானே என் எம்.எஸ்சி.யில் இந்தக் குழியில் விழுந்து, ஆறு மாத வேலையைத் தூக்கிப் போட்டேன்.

அளவும் அப்படித்தான். குடுவையில் 50, 100 மைக்ரோமோலார் அடர்த்தியில் போடுவார்கள். டீ குடிப்பவர் ரத்தத்தில் ஒன்றைத் தொடுவதே அபூர்வம். அதற்காக மாத்திரையாக விழுங்கினால், ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈஜிசிஜி போனால் சிலருக்குக் கல்லீரல் நொதி ஏறுகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. டீயை டீயாகவே விற்றுக்கொள்ளுங்கள் அண்ணே, நன்றாகவே இருக்கிறது.

---

முள்ளுக்காடு

குன்னூர் அண்ணே, உங்கள் பெண் தட்டு போட்டபோது வெறும் ஆல்கஹாலை விட்ட காகிதம் ஒன்று வைத்தாளா என்று கேளுங்கள். டீயையும் பூண்டையும் எதில் ஊறவைத்தாள்? ஊறவைத்த திரவமே தனியாக வளையம் காட்டலாம்.

---

குன்னூர்க்காரன்

கேட்டேன். டீயை ஆல்கஹாலில் ஊறவைத்தாளாம், வெறும் ஆல்கஹால் காகிதம் வைக்கவில்லையாம். நேற்று மறுபடி போட்டிருக்கிறாள். ஆல்கஹாலுக்கே 9 மில்லிமீட்டர் வந்திருக்கிறது, டீக்கு 10. காகிதத்தைக் காயவிடாமல் வைத்துவிட்டேன் என்று எனக்கு அழுகிற எமோஜி போட்டிருந்தாள். வேகவைத்த பூண்டுக்கு வளையமே இல்லை, பச்சைப் பூண்டுக்கு நல்ல வளையம், லேப்கோட் தம்பி சொன்னபடியே.

வார்டு நம்பர் 4 அக்கா எழுதியதைப் படித்ததும் முதல் வேலையாக எங்கள் வீட்டுத் தைல பாட்டிலை எடுத்து மேல் ஷெல்ஃபில் வைத்து, சிவப்பு இங்கில் "குடிக்காதே" என்று எழுதி ஒட்டிவிட்டேன். அதுவும் பழைய இருமல் மருந்து பாட்டில்தான்.

சித்தப்பாவுக்கு இந்த இழையை அனுப்பினேன். முழுசாகப் படித்ததாகச் சொல்கிறார். தைலத்தை நிறுத்திவிட்டார். "பூண்டுக்கு நல்ல வளையம் வந்ததாமே, என் முழங்கால் வலிக்கு ராத்திரி அரைத்துக் கட்டிப் பார்க்கட்டுமா" என்று இன்று காலையில் கேட்கிறார்.

---

பூம்பாறை பூண்டு

வேண்டாம்! என் காலைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?